கவனம் சிதறும் மூளையும் நோன்பு நேரமும்

ரமழானின் கடைசிப் பத்து வந்துவிட்டால் கல்முனைக் கரையோரத்தில் தையல் மெசின்களின் சத்தம் தராவீஹ் முடிந்த பிறகுதான் கூடும். மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று நீளும் இந்தக் கரையில் வீட்டுக்குள்ளிருந்தே தொழில் செய்யும் பெண்கள் ஏராளம். பெருநாள் உடுப்புத் தைப்பவர், அபாயாவுக்குக் கல் ஒட்டுபவர், சமோசாவும் ரோல்ஸும் சுற்றிக் கொடுப்பவர், வட்டிலப்பத்துக்கு ஓடர் எடுப்பவர், வட்ஸ்அப்பில் சாரி விற்பவர். வருடத்தில் கையில் காசு புரளும் மாதம் அவர்களுக்கு இதுதான். நோன்பும் இதே மாதம்தான்.

இவர்களில் சிலருக்கு இன்னொரு சுமையும் உண்டு. ஓடர் கொடுக்க வேண்டிய திகதி மறந்துபோகும். ஒரு சட்டையின் கை பாதியில் நிற்க, அடுத்த சட்டைக்குத் துணி வெட்டத் தொடங்குவார்கள். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்; போனில் வந்த வொய்ஸைக் கேட்கப் போனவர் அங்கேயே நிற்பார். பெருநாளுக்கு முந்திய இரவில் மட்டும், அந்த வேகம் எங்கிருந்து வந்ததென்று வீட்டாருக்கே விளங்காதபடி, ஒரு கிழமை வேலையை ஒரே இருப்பில் முடிப்பார்கள். வைத்தியர்கள் ஏடிஎச்டி என்று சொல்லும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு வளர்ந்த பெண்களிடம் எடுக்கும் உருவம் பெரும்பாலும் இதுதான். மறதி எல்லோருக்கும் உண்டு. சிறுவயதிலிருந்தே தொடர்ந்து வந்து, தொழிலையும் குடும்பத்தையும் நித்தமும் குலைக்கும் அளவுக்கு இருந்தால்தான் அதற்கு இந்தப் பெயர்.

இப்போது இவர்களின் போனுக்குள் புதிதாக ஓர் ஆலோசனை வந்து சேர்ந்திருக்கிறது. இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் என்ற இடைவிட்ட உண்ணாமையைக் கைக்கொண்டால், அதாவது நாளுக்கு 16 மணித்தியாலம் வயிற்றைக் காயப்போட்டால், மூளை கூர்மையாகும், கவனம் கூடும், தொழில் வளரும் என்று யூடியூபில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். கேட்கும் கல்முனைப் பெண்ணுக்கு நியாயமாகவே ஒரு கேள்வி எழும். ஒரு மாதம் முழுக்க நான் பட்டினிதானே கிடக்கிறேன், அப்படியென்றால் ரமழானில் ஏன் என் தலை அஸருக்குப் பிறகு வேலை செய்ய மறுக்கிறது?

நல்ல கேள்வி. விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோன்பு மாதத்தில் இந்த மூளைக்குக் கைகொடுப்பது பட்டினி என்பதை விட, ஊரே சேர்ந்து காக்கும் நேரக்கட்டு என்பதே என் எண்ணம். அதே மாதத்தில் இந்த மூளையைக் கெடுப்பது உறக்கக் குறைவு. பட்டினி இந்த இரண்டுக்கும் பின்னால்தான் நிற்கிறது.

முதலில் அந்த மூளையைக் கொஞ்சம் பார்ப்போம். லண்டனில் 1902இல் பிள்ளை வைத்தியர் ஜோர்ஜ் ஸ்டில் ஆற்றிய விரிவுரைகள்தான் இந்தக் குறைபாட்டைப் பற்றிய மருத்துவப் பேச்சின் தொடக்கம் என்பார்கள். அவர் விரிவாக எடுத்துச்சொன்ன 20 பிள்ளைகளில் 5 பேர்தான் பெண்பிள்ளைகள். அன்று விழுந்த சாய்வு நிமிர நீண்ட காலம் எடுத்தது. துள்ளாமல் ஓடாமல், கவனம் மட்டும் சிதறுகிற வகை ஒன்று உண்டென்று அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் தன் கைநூலில் ஏற்றுக்கொண்டது 1980இல்தான். 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு, வளர்ந்தவர்களிடம் ஒன்பது அறிகுறிகளில் ஐந்து இருந்தாலே போதும், ஆனால் அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும் என்று வரையறுத்தது. உலகளவில் வளர்ந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கிறது.

நம் வகுப்பறைகளில் குழப்படிக்காரப் பையனைப் பற்றி அதிபரிடம் முறைப்பாடு போகும். யன்னலோரம் இருந்து பிராக்குப் பார்க்கும் பெண்பிள்ளையால் யாருக்கும் தொந்தரவில்லை. கெட்டிக்காரி, ஆனால் கவனமில்லை என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதிவிட்டு ஆசிரியர் அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவார். இருபது வருடம் கழித்து அவள் தன் மகனைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போவாள். மகனைப் பற்றி வைத்தியர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் தன்னைப் பற்றியும் மனதுக்குள் ஓம் சொல்லிக்கொள்வாள். உலகெங்கும் பல பெண்கள் இப்படித்தான் தங்களைக் கண்டுபிடிக்கிறார்கள். அதில் வியப்பில்லை. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி இந்தக் குறைபாட்டில் பரம்பரையின் பங்கு ஏறத்தாழ 74 வீதம். உயரத்தைப் போல, இதுவும் பெரும்பாலும் குடும்ப வழியில் வருவது.

நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளையில் டோப்பமின் என்ற இரசாயனம் செய்தி கடத்தும் விதம் இவர்களிடம் சற்று வேறு. பலன் உடனே கிடைக்கும் வேலை இழுக்கும். இரண்டு கிழமை கழித்துக் கிடைக்கும் பலன் கண்ணுக்கே தெரியாது. நேரத்தை உள்ளுக்குள் அளக்கும் திறனும் குறைவு. அமெரிக்க உளவியலாளர் ரசல் பார்க்லி இதை நேரத்துக்குக் கண் தெரியாமை என்றே சொல்லி வந்தார். அவர் சொன்ன மருந்தும் எளிமையானது: உள்ளே இல்லாத மணிக்கூட்டை வெளியே வையுங்கள். சுவரில், மேசையில், போனில், பக்கத்தில் இருக்கும் ஆளிடம். இந்த வரியை ஞாபகத்தில் வைத்திருங்கள், பின்னால் வேண்டும்.

பெண்களிடம் இன்னொன்று சேர்கிறது. ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் மூளையில் டோப்பமினுக்குத் துணை நிற்பது. மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் அது இறங்கும்போது கவனமும் இறங்கும், எரிச்சல் ஏறும். மாதவிடாய் நிற்கப்போகும் வயதிலும் அப்படியே. நேற்றுவரை சமாளித்த பெண் நாற்பத்தைந்தில் திடீரென்று எல்லாவற்றையும் மறக்கிறாள் என்றால் அதைக் கவலையீனம் என்று ஏசுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

இப்படிப்பட்டவர்கள் சொந்தத் தொழிலுக்கு அதிகம் போவது தற்செயலில்லை. ஏறக்குறைய பத்தாயிரம் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து 2019இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஏடிஎச்டி இருப்பதாக வைத்தியர் கண்டவர்களிடம் தொழில் தொடங்கும் எண்ணமும், தொடங்கியே விடும் போக்கும் மற்றவர்களை விடக் கூடுதலாக இருந்தன. ஜெட்புளூ விமானக் கம்பனியைத் தொடங்கிய டேவிட் நீல்மன், கின்கோஸ் பிரதிக் கடைகளைத் தொடங்கிய போல் ஓர்ஃபலியா ஆகியோர் தங்களுக்கு இது உண்டென்று வெளிப்படையாகச் சொன்னவர்கள். ஊக்கப் பேச்சாளர்கள் இந்த இரண்டு பேரையும் விடமாட்டார்கள். எனக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. விமானக் கம்பனித் தலைவருக்குக் கணக்கு எழுத ஓர் ஆள், நாட்குறிப்பைப் பார்க்க இன்னோர் ஆள். சாய்ந்தமருதில் கட்லட் போடும் ராத்தாவோ ஓடர் எடுக்கிறவரும், கணக்கு எழுதுகிறவரும், பிள்ளையை மத்ரஸாவுக்கு அனுப்புகிறவரும், ஸஹருக்கு அடுப்பு மூட்டுகிறவரும் தானேதான். இதை ஒரு வரம் என்று அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது.

இனிப் பட்டினிக்கு வருவோம். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள மூளை, உடல் செலவழிக்கும் சக்தியில் நூற்றுக்கு இருபதை எடுத்துக்கொள்கிறது. கடைசியாகச் சாப்பிட்ட சில மணித்தியாலங்களில் ஈரலில் சேர்ந்த குளுக்கோஸ் இருப்பு இறங்கத் தொடங்கும். பன்னிரண்டு மணித்தியாலத்தைத் தாண்டும்போது கொழுப்பை உடைத்துக் கீட்டோன் என்ற மாற்று எரிபொருளை உடல் மெல்ல மெல்லத் தயாரிக்கும். இது உண்மை. இதிலிருந்து கவனம் கூர்மையாகும் என்று தாவுவதுதான் பிரச்சினை. உயிரணு தன் பழைய பாகங்களைத் தானே உண்டு புதுப்பிக்கும் செயலுக்காக யப்பானின் யொஷினோரி ஓசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றதையும் இந்த வீடியோக்கள் இழுத்து வரும். அவர் பரிசு வாங்கியது ஈஸ்டில் கண்டவற்றுக்கு. மனிதர் எத்தனை மணித்தியாலம் பசித்திருக்க வேண்டுமென்று அந்தப் பரிசு யாருக்கும் அட்டவணை எழுதிக் கொடுக்கவில்லை.

மனிதர்களிடம் செய்த சோதனைகள் இன்னும் அடக்கமாகப் பேசுகின்றன. 2020இல் அமெரிக்காவில் 116 பேரிடம் பகல் 12 மணி முதல் இரவு 8 மணி வரை மட்டும் சாப்பிடும் 16:8 முறையைப் பன்னிரண்டு கிழமை சோதித்தார்கள். மூன்று நேரமும் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட, எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. சீனாவின் குவாங்சோவில் உடற்பருமன் உள்ள 139 பேரிடம் ஒரு வருடம் நடந்து 2022இல் வெளியான சோதனையிலும், உணவின் அளவைக் குறைத்ததால்தான் எடை குறைந்தது. நேரத்தைச் சுருக்கியது அதற்கு மேல் பெரிதாக எதையும் சேர்க்கவில்லை. கூர்மைக்கு என்ன ஆயிற்று? பட்டினியும் மூளைத்திறனும் பற்றிய 71 ஆய்வுகளை, மொத்தம் 3,484 பேரின் தரவுகளை, ஒன்றுசேர்த்து 2025இல் ஒரு பகுப்பாய்வு வந்தது. குறுகிய காலம் பசித்திருக்கும் வளர்ந்தவர்களின் கவனமும் ஞாபகமும், சாப்பிட்டவர்களுடையதைவிடக் கூடவும் இல்லை, பெரிதாகக் குறையவும் இல்லை. பன்னிரண்டு மணித்தியாலத்தைத் தாண்டியபோது கொஞ்சம் இறங்கியது. நாளின் பிற்பகுதியில் சோதித்தபோது இன்னும் இறங்கியது. பிள்ளைகளிடம் இறக்கம் தெளிவாகவே இருந்தது. ஏடிஎச்டியைப் பொறுத்தவரை, பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டி சமநிலை உணவு, நல்ல போஷாக்கு, ஒழுங்கான உடற்பயிற்சி என்றுதான் சொல்கிறது. பட்டினிக்கு அதில் சிகிச்சை என்ற இடம் கிடையாது.

ஆக, அஸருக்குப் பிறகு தலை வேலை செய்யாததற்கு ஈமான் குறைவு காரணமில்லை. நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். கல்முனை பூமத்திய கோட்டுக்கு ஏழு பாகை வடக்கே இருப்பதால் ரமழான் எந்தப் பருவத்தில் வந்தாலும் நோன்பு 13 மணித்தியாலத்துக்கும் 14க்கும் இடையில்தான் இருக்கும். லண்டனில் இருக்கும் நம் பிள்ளைகள் ரமழான் ஜூனில் வரும் வருடங்களில் 18 மணித்தியாலத்துக்கு மேல் பிடிப்பதோடு பார்த்தால் இது பெரிதில்லை. ஆனால் மாலை நான்கு மணிக்கு நீங்கள் பன்னிரண்டு மணித்தியால எல்லையில் நிற்கிறீர்கள், அதுவும் தண்ணீரில்லாமல், வெயிலில், அடுப்புக்கு முன்னால். அந்த நேரத்தில் கணக்குக் கொப்பியைத் திறப்பது அநியாயம்.

இங்கேதான் 16:8க்கும் ரமழானுக்கும் உள்ள பெரிய வேறுபாடு வருகிறது. ஆய்வுகூடங்கள் பரிசோதித்த இடைவிட்ட உண்ணாமை, பெரும்பாலும் பகலில் சாப்பிட்டு இரவில் நிறுத்துவது. தண்ணீர் எப்போதும் குடிக்கலாம். 2018இல் அமெரிக்காவில் நீரிழிவின் வாசலில் நின்ற 8 ஆண்களை, பகல் மூன்று மணிக்கு முன் கடைசி உணவை முடிக்கச் சொல்லி ஐந்து கிழமை வைத்திருந்தார்கள். எடை குறையாமலே இன்சுலின் வேலை செய்யும் விதமும் இரத்த அழுத்தமும் சீராகின. பகலுணவு உடலின் மணிக்கூட்டோடு ஒத்துப்போவதே அதற்குக் காரணம் என்பது அவர்களின் விளக்கம். ரமழானில் இதே கணக்குத் தலைகீழ்: பகல் முழுக்க வெறும் வயிறு, சூரியன் மறைந்த பிறகு உணவு. 16:8 வீடியோ சொல்லும் பலன்களை அப்படியே நோன்புக்குக் கொண்டுவந்து ஒட்டுவது அதனால்தான் சரிவராது. நோன்பு ஓர் இபாதத். அதற்கு ஆய்வுகூடத்தின் சான்றிதழ் தேவையில்லை, எடை குறைப்பு வகுப்பாக அதை மாற்றத் தேவையுமில்லை.

தலைகீழான இந்த மணிக்கூடு ஏடிஎச்டி உள்ளவரை ஏன் மற்றவரை விட அதிகம் தாக்குகிறது? அவருடைய மணிக்கூடு ஏற்கெனவே பிந்தித்தான் ஓடுகிறது. நெதர்லாந்தின் மனநல வைத்தியர் சாண்ட்ரா கோயும் அவரது குழுவும் வளர்ந்த ஏடிஎச்டிக்காரர்களை ஆராய்ந்தபோது, பெரும்பாலானோருக்கு உறக்கம் வரவே நேரம் செல்வதையும், உறக்கத்தை அழைக்கும் மெலட்டோனின் சுரப்பு ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம் பிந்துவதையும் கண்டார்கள். இரவு பதினொன்றுக்குத்தான் இவர்களுக்கு மூளை விழிக்கும். சும்மா நாட்களிலேயே இப்படி. ரமழான் பொதுவாகவே எல்லோருடைய உறக்கத்தையும் பின்னுக்குத் தள்ளும். பல நாட்டு ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்ததில் சராசரி உறக்கம் 7.2 மணித்தியாலத்திலிருந்து 6.4க்கு இறங்குகிறது. அதற்கு மேல் தையல் ஓடர். ஒரு மணிக்குப் படுத்து, மூன்றரைக்கு எழும்பி, ஸஹர் சமைத்து, ஸுபஹ் தொழுது, அப்படியே வீட்டு வேலையைத் தொடங்கும் பெண்ணின் உறக்கத்தை எந்தச் சராசரியும் காட்டாது. ஒரு வாரம் இப்படி உறங்கினால் குறைபாடே இல்லாத ஆளும் ஏடிஎச்டிக்காரர் போலத்தான் நடந்துகொள்வார்.

இனி நேரக்கட்டைப் பற்றிய நல்ல பக்கம். பார்க்லி சொன்ன வெளி மணிக்கூட்டை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஆறு பாங்குக் கோபுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும் ஊரில் வாழ்கிறவருக்கு அது இலவசமாகவே கிடைத்திருக்கிறது. ரமழானில் அது இன்னும் இறுகுகிறது. ஸஹருக்கு எழுப்ப ஒருவர், பள்ளிவாசல் கஞ்சி வாங்க வாளியோடு ஓடும் பிள்ளைகள், நோன்பு திறக்கும் நிமிடத்தில் அடங்கிப்போகும் தெரு. சாப்பிட வேண்டிய நேரத்தைத் தானாக ஞாபகம் வைக்கத் தேவையில்லை, மறக்கவும் வழியில்லை. சும்மா நாட்களில் வேலையில் மூழ்கிப் பின்னேரம் மூன்று மணிவரை வயிற்றில் ஒன்றும் படாமல் இருந்துவிட்டு, பிறகு பாணையும் சீனியையும் ஒன்றாக விழுங்கும் பெண், ரமழானில் மட்டும் நேரத்துக்குச் சாப்பிடுகிறாள் என்றால் அதற்கு இதுதான் காரணம். 16:8க்கு நேரம் காட்டும் போன் செயலியோ எல்லாவற்றையும் தனி ஆளின் மனக்கட்டுப்பாட்டில் விடுகிறது. ஏடிஎச்டியில் குறைவாக இருப்பதே அந்தக் கட்டுப்பாடுதான். மூன்றாம் நாள் செயலியை மூடிவிட்டு, அதற்கும் சேர்த்துத் தன்னையே ஏசிக்கொள்வதுதான் வழமையாக நடக்கும்.

அதனால், பெருநாள் முடிந்ததும் பட்டினியைத் தொடர்வதைப் பற்றி யோசிக்காமல் பாங்கைத் தொடருங்கள் என்பேன். ழுஹருக்குப் பாங்கு கேட்டால் பகல் சாப்பாடு. அஸருக்குக் கேட்டால் தண்ணீரும் ஒரு வாழைப்பழமும். இஷாவுக்குப் பிறகு புதிய ஓடருக்குப் பதில் சொல்வதில்லை. கைக்கடிகாரம் தராத அழுத்தத்தை இது தரும், ஏனென்றால் வீட்டிலுள்ள எல்லோருக்கும் அது கேட்கிறது. இஷாவோடு சாப்பாட்டையும் முடித்து, காலை ஏழெட்டு மணிக்கு அடுத்த உணவை உண்டாலே இரவில் பன்னிரண்டு மணித்தியால இடைவெளி கிடைத்துவிடும். அதற்கு மேல் சுருக்கித் தன்னை வருத்திக்கொள்வதில் இவர்களுக்கு இலாபம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆபத்துகளையும் மறைக்கக்கூடாது. ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு உணவுக் கோளாறு வரும் வாய்ப்பு மற்றவர்களை விட ஏறக்குறைய நான்கு மடங்கு என்று 2016இல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. நீண்ட நேரம் காய்ந்து, பிறகு கட்டுக்கடங்காமல் உண்டு, அதற்காகக் குற்றவுணர்வில் மீண்டும் காயும் சுழல் அது. அத்தகைய பழக்கம் முன்பிருந்தவர் 16:8 பக்கமே போகக்கூடாது. அவருக்கு இஃப்தார் மேசையும் சோதனைதான்: பேரீச்சம்பழம், கஞ்சி, பழச்சாறு, ஆறு வகைப் பொரியல். பேரீச்சம்பழமும் தண்ணீரும் கஞ்சியும் எடுத்து, மஃரிப் தொழுதுவிட்டு வந்து சாப்பாட்டுக்கு இருக்கும் நம் மூத்தவர்களின் வழக்கம் இந்த இடத்தில் எந்த உணவு நிபுணரின் ஆலோசனைக்கும் குறைந்ததில்லை. வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர அந்த இடைவெளி போதும்.

இரும்புச் சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூளை டோப்பமின் தயாரிக்க இரும்பு வேண்டும். பாரிஸில் 2004இல் ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளின் இரத்தத்தைப் பார்த்தபோது இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு சராசரியாக 23ஆக இருந்தது; மற்றப் பிள்ளைகளுக்கு 44. இரும்பைக் கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் இலங்கையில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் மூன்றில் ஒருவருக்கு இரத்தச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு மதிப்பீடு. களைப்பும் கவனமின்மையும் இரண்டுக்கும் பொதுவான அறிகுறிகள். ஆகவே மூளையைச் சந்தேகிப்பதற்கு முன் இரத்தத்தைச் சோதிப்பது மலிவான வழி. நாமோ சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கிறவர்கள்; தேயிலை, உணவிலுள்ள இரும்பை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தால் போதும். நோன்பின் முதல் நாள் தலையிடிக்கும் இதே தேநீர்தான் பெரும்பாலும் காரணம். கஃபீன் நின்று பன்னிரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு தலையிடி தொடங்கும். ஷஃபான் கடைசியிலிருந்தே கோப்பைகளை ஒவ்வொன்றாகக் குறைத்து வருகிறவருக்கு அந்த முதல் இரண்டு நாள் இலகுவாகும். ஸஹரில் முட்டை, பயறு, கடலை, மீன், தயிர் என்று புரதம் இருந்தால் பசி தாமதமாகும். வெறும் சோறும் சீனிச் சம்பலும் பத்து மணிக்கே கைவிடும்.

பேச்சில் வராத இன்னொரு விஷயம். மாதவிடாய் நாட்களில் பெண்ணுக்கு நோன்பில்லை, பிறகு கழா செய்துகொள்ள வேண்டும். ஆனால் வீட்டில் வளர்ந்த மகன்களும் மாமனாரும் இருக்கையில் பகலில் வாய் அசைப்பதற்குக் கூச்சப்பட்டு, நோன்புமில்லாமல் சாப்பாடுமில்லாமல் அந்த நாட்களைக் கடத்தும் பெண்கள் எத்தனை பேர்! இரத்தம் போகும் நாட்களில், ஹோர்மோன் இறங்கியிருக்கும் நேரத்தில், தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுப்படியில் நிற்பதற்கு மார்க்கம் கேட்கவில்லை, மருத்துவமும் கேட்கவில்லை. ஊர் வெட்கம் கேட்கிறது. சலுகையாகக் கிடைத்த நாளைச் சலுகையாகவே கழிக்க வீட்டிலுள்ள மற்றப் பெண்கள்தான் முதலில் இடம் கொடுக்க வேண்டும்.

மருந்து எடுப்பவர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஏடிஎச்டிக்கு அதிகம் கொடுக்கப்படும் மெத்தில்பெனிடேட்டை 1944இல் சுவிற்சர்லாந்தின் சீபா கம்பனியில் தயாரித்தவர் லியான்ட்ரோ பனிஸோன். மனைவி மார்கரீட்டாவின் செல்லப்பெயரான ரீட்டாவிலிருந்துதான் ரிட்டாலின் என்ற பெயரே வந்தது. குறைந்த இரத்த அழுத்தமுள்ள ரீட்டா டெனிஸ் ஆடப் போகுமுன் அதை எடுத்துக்கொள்வாராம். அதன் சாதாரண மாத்திரை மூன்று நான்கு மணித்தியாலமே நிற்கும், பகலில் மீண்டும் எடுக்க வேண்டும். நோன்பில் அது நடக்காது. நீண்ட நேரம் நிற்கும் வகையை ஸஹரோடு எடுப்பது பலருக்குச் சரிவரும். இஃப்தாருக்குப் பிறகு எடுத்தால் அன்றிரவு உறக்கம் போய்விடும். வாய் உலர்வும் இதயத் துடிப்புக் கூடுவதும் இதன் பக்கவிளைவுகள் என்பதால் தண்ணீரில்லாத நாளில் கவனம் வேண்டும். மனநிலை ஏற்றஇறக்கத்துக்கு லித்தியம் எடுப்பவருக்கு உடலில் தண்ணீர் வற்றினால் மருந்தே நஞ்சாகலாம். எதையும் தானாக நிறுத்தவும் கூடாது, தானாக நேரம் மாற்றவும் கூடாது. ரமழானுக்கு ஒரு மாதம் முன்பே வைத்தியரைக் காண்பதுதான் முறை. சீனி வருத்தமும் சேர்ந்திருந்தால் இன்னும் முன்பே. நீரிழிவும் ரமழானும் பற்றிய சர்வதேச வழிகாட்டி, இரத்தச் சீனி 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ உடனே நோன்பைத் திறந்துவிடச் சொல்கிறது. நோயாளிக்கு மார்க்கம் தரும் விலக்கு மனநோயாளிக்கும் உண்டா என்ற கேள்வி இருந்தால் வைத்தியரின் சொல்லை எடுத்துக்கொண்டு ஓர் ஆலிமிடம் போங்கள். அந்த இரண்டு பேரும் சேர்ந்து சொல்வதே நிற்கும்.

தொழில் பக்கத்தில் சொல்ல எனக்குச் சிலதுதான் உண்டு. காசுக் கணக்கு, துணி அளவு, விலை பேசுவது, தலை வேண்டிய எந்த வேலையானாலும் முற்பகலில். பொத்தான் தைப்பது, கல் ஒட்டுவது, பொதி கட்டுவது எல்லாம் பின்னேரத்தில். பெருநாள் ஓடருக்குக் கடைசித் திகதி நோன்பு 15 என்று முதல் பிறையிலேயே வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிடுங்கள்; மச்சிக்கு மட்டும் என்று ஒன்றை எடுத்தால் அது ஒன்றோடு நிற்காது. ஓடர்கள் போனுக்குள் கிடந்தால் இல்லாதது போலத்தான். சுவரில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். ழுஹருக்குப் பிறகு ஓர் அரை மணித்தியாலக் கைலூலா உறக்கம் சுன்னத்து மட்டுமில்லை, இரவில் விட்டதில் ஒரு பங்கை மீட்டுத் தரும் சிகிச்சையும்கூட.

இந்தக் கரையோரப் பெண்ணுக்கு வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு துணையும் இருக்கிறது. இங்கே கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும்; உம்மாவும் சகோதரிகளும் ஒரே வளவில் அல்லது வேலிக்கு அப்பால். கிழக்கின் தாய்வழிக் குடிமுறையை நீண்ட காலம் ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகள் குடும்பத் தலைவர் என்று ஆண்களின் பெயரில் பதியப்பட்டபோது இந்தப் பாதுகாப்பு கொஞ்சம் ஆடியது, ஆனாலும் வழக்கம் நிற்கிறது. ஏடிஎச்டி உள்ளவர் தனியே முடிக்காத வேலையை, பக்கத்தில் ஒருவர் சும்மா இருந்தாலே முடித்துவிடுவார் என்பது அவர்களில் பலர் சொல்லும் அனுபவம். மேலைநாட்டில் இதற்காக முன்பின் தெரியாத ஆட்களோடு இணையத்தில் வீடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். இங்கே உம்மா பாயைப் போட்டு வெங்காயம் உரிக்க வந்திருந்தாலே போதும். மருதமுனையின் கைத்தறிக் கொட்டில்களில் நூல் சுற்றுகிறவரும் நெய்கிறவரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்த காலத்தில் இதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

கணவர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். நோன்பு திறக்கப் பத்துப் பேருக்குச் சொல்லிவிட்டு அஸருக்குப் பிறகு வந்து மனைவியிடம் சொல்லாதீர்கள். முதல் நாளே சொல்லுங்கள். கிழமைக்கு இரண்டு நாளாவது ஸஹருக்கு அடுப்பை நீங்களே மூட்டுங்கள். அவர் அரை மணித்தியாலம் கூடுதலாக உறங்கட்டும்.

மேலே சொன்ன அறிகுறிகள் சிறுவயது முதலே தனக்கு இருப்பதாக நினைக்கும் பெண், யூடியூபைப் பார்த்து முடிவுக்கு வராமல் அரசாங்க வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்குப் போகலாம். தைரொயிட், இரத்தச்சோகை, மனச்சோர்வு ஆகியவையும் இதே போல் தோன்றும் என்பதால் அவற்றையும் அங்கே பார்ப்பார்கள். போக மனம் துணியாவிட்டால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கும் எடுக்கலாம், கட்டணம் இல்லை.